பழைய மோட்டார் சைக்கிளின் முன்சில்லை நேராகப் பூட்டுவது எப்படி?

மட்டக்களப்பில் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் எவரும் முன்சில்லைக் கழற்றாமல் ஒரு வருடத்தைக் கடத்துவது அரிது. மாரியில் படுவான்கரைப் பக்கம் வெள்ளம் ஏறிய வீதியில் அச்சு மூழ்க ஓடிய வண்டியின் பெயரிங்குக்குள் தண்ணீர் போயிருக்கும். கோடையில் வயல் வழியிற் கிடந்த முள் ரியூப்பைத் துளைத்திருக்கும். கடலோரத்தில் நிறுத்தி வைத்த வண்டியாக இருந்தால் உப்புக் காற்றிலே பிரேக் இறுகி, பிடித்த பிடியை விடாமல் நிற்கும். காரணம் எதுவானாலும் சில்லைக் கழற்றுவதற்குப் பத்து நிமிடம் போதும். எனக்கு இந்த வேலையைப் பழக்கிய கல்லடி மெக்கானிக் மாமா, நான் முதன்முதலாக அச்சை உருவி எடுத்துவிட்டுப் பெருமையோடு நிமிர்ந்தபோது சொன்னது ஒன்றுதான்: "கழத்துறது லேசு மனே, மறுகா பூட்டுறதுதான் வேல."

அந்த வேலை பிழைத்தால் என்ன நடக்கும் என்பதைப் பலர் அனுபவித்திருப்பார்கள். பூட்டிய பிறகு வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நேராக ஓடுவதற்கு ஹாண்டிலைச் சற்றே திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கும். அல்லது பள்ளத்தில் விழும்போது முன் சொக் (அதிர்வைத் தாங்கும் முன்பக்கக் குழாய்) சீராக அமுங்காமல் முட்டி முட்டி இறங்கும். கடைக்குக் கொண்டு போனால் "எலைன்மென்ட் போயிட்டு" என்பார்கள். அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பதை, இதற்கு முன் ஸ்பனர் பிடித்திராதவருக்கும் விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன்.

காரின் எலைன்மென்ட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளைப் பார்ப்பதிலிருந்துதான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. காரின் முன்சில்லுகளை உள்ளே வெளியே திருப்பிச் சரிசெய்வதற்கென்றே தனித் தண்டுகள் இருக்கின்றன. மோட்டார் சைக்கிளின் முன்சில்லில் அப்படிச் சரிசெய்யும் திருகு ஒன்றுமே இல்லை. இரண்டு சொக்குகளின் கீழ் முனைகளுக்கிடையே ஓர் அச்சு குறுக்கே போகிறது, அந்த அச்சின் மேல் சில்லு சுழல்கிறது, அவ்வளவுதான். ஆகவே முன்சில்லின் நேர் என்பது நாம் கடைசியிற் செய்யும் தனி வேலையன்று. ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் இடத்தில் இருத்தி, உரிய ஒழுங்கில் இறுக்கியிருந்தால் தானாகவே கிடைப்பது. இறுக்கிய பின் நேர் பார்ப்பவருக்கு எல்லாவற்றையும் மறுபடி தளர்த்துவதைத் தவிர வேறு வழி இருக்காது.

நேர் என்று சொல்லும்போது மூன்று விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, சில்லு இரண்டு சொக்குகளுக்கும் நடுவில், அச்சுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பது. இரண்டாவது, அந்த இரண்டு சொக்குகளும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, முறுக்கின்றி நிற்கின்றனவா என்பது. மூன்றாவது, முன்சில்லும் பின்சில்லும் ஒரே கோட்டில் ஓடுகின்றனவா என்பது. வண்டி இழுக்கிறது என்ற ஒரே குறைக்கு இம்மூன்றில் எதுவும் காரணமாகலாம்; ஆனால் இவற்றை இதே ஒழுங்கில் பார்த்து வருவதே நல்லது, ஏனென்றால் முன்னையது பிழையாக இருக்கும்போது பின்னையதை அளப்பதால் பயனில்லை.

முதலாவதில்தான் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது. கராஜில் எக்சல் என்று சொல்லப்படும் அச்சை, மணிகள் கோத்த நூல் போல நினைத்துப் பாருங்கள். ஒரு முனையில் அச்சின் தலை. அதையடுத்து ஒரு பக்கச் சொக். பிறகு சிறிய கொலர் வளையமோ மீட்டர் கேபிளைச் சுழற்றும் பற்சக்கரப் பெட்டியோ வரும். பிறகு சில்லுக்குள் ஒரு பெயரிங், அதற்கப்பால் ஒரு நீளக் குழாய், மற்றொரு பெயரிங். அதன் பின் பிரேக் தட்டு, மறுபக்கச் சொக், கடைசியில் நட். (எந்தப் பக்கம் எது என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதனால்தான் கழற்றும்போதே கைபேசியில் இரண்டு பக்கமும் படம் எடுத்துவைப்பது நல்லது.) நட்டை இறுக்கும்போது இந்த வரிசையில் உள்ள அனைத்தும் ஒன்றையொன்று நெருக்கித் திண்மமான ஒரே தண்டு போல் ஆகிவிடுகின்றன. அதில் சுழலாதவை சுழலாமல் நிற்க, பெயரிங்கின் வெளி வளையத்தோடு சில்லு மட்டும் சுழல்கிறது.

இந்த வரிசையில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதும், ஆகவே அதிகம் தொலைந்து போவதும், இரண்டு பெயரிங்குகளுக்கும் இடையிலுள்ள அந்த நீளக் குழாய்தான். அதன் வேலையை விளங்கிக்கொண்டால் பாதி விளங்கியது போலத்தான். பெயரிங்கின் வெளி வளையம் சில்லின் ஹப்புக்குள், அதாவது நடுக்கூட்டுக்குள், இறுகி அமர்ந்திருக்கிறது. உள் வளையம் அச்சின் மேல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே குண்டுகள் உருளுகின்றன. நட்டை இறுக்கும்போது வரும் அழுத்தம் உள் வளையத்தின் மேல் விழுகிறது. குழாய் சரியான நீளத்தில் இருந்தால் அந்த அழுத்தம் ஓர் உள் வளையத்திலிருந்து குழாய் வழியாக மற்ற உள் வளையத்துக்குப் போய், குண்டுகளைத் தொடாமலே மறுபக்கச் சொக்கைச் சென்றடைகிறது. குழாய் இல்லாவிட்டாலோ, கட்டையாக இருந்தாலோ, இரண்டு உள் வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி உள்ளே தள்ளப்பட்டு, குண்டுகள் பக்கவாட்டில் நெருக்கப்படுகின்றன. நட்டை நன்றாக இறுக்கினால் சில்லு சுற்றாது. சில்லு சுற்றும் அளவுக்குத் தளர்த்தினால் நட் நிற்காது. இந்தக் குறியைக் கண்டால் வேறு எதையும் தேட வேண்டாம், குழாயைப் பாருங்கள்.

என் பழைய ஹொண்டா சிடி 125 இல் இது நடந்தது. பெயரிங் மாற்றுவதற்காகக் கடையொன்றில் விட்டிருந்தேன். எடுத்துவந்து சில நாட்களிலேயே முன்சில்லிலிருந்து அம்மியில் அரைப்பது போன்ற ஒரு சத்தம். பிரித்துப் பார்த்தால் உள்ளே அசல் குழாய்க்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாயொன்றை வாளால் அறுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு முனை சரிவாக வெட்டப்பட்டிருந்தது. நீளமான பக்கத்தில் அளந்தாலும் 2 மி.மீ. கட்டை. வெட்டியவருக்கு அது சிறிய வித்தியாசமாகத் தெரிந்திருக்கும். பெயரிங்கின் குண்டுக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்குக் கணக்கில் இருப்பது. அங்கே 2 மி.மீ. என்பது எட்டாத தூரம். புதுப் பெயரிங் இரண்டும் எறிய வேண்டியதாயிற்று.

பெயரிங் வாங்கும்போது அதன் மேலுள்ள இலக்கத்தை வாசிக்கத் தெரிந்திருப்பது உதவும். 6301 என்றிருந்தால் கடைசி இரண்டு இலக்கங்களான 01, உள்விட்டம் 12 மி.மீ. என்பதைக் குறிக்கின்றன, அதன் வெளிவிட்டம் 37 மி.மீ., தடிப்பு 12 மி.மீ. 6300 இன் உள்விட்டம் 10 மி.மீ., 6302 இன் உள்விட்டம் 15 மி.மீ. பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு பக்கமும் இறப்பர் மூடி உண்டு என்று பொருள். நமது வெள்ளத்துக்கும் மணலுக்கும் அதுவே ஏற்றது. அடித்து ஏற்றும்போது வெளி வளையத்தின் மேல் மட்டுமே அடி விழ வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் புதுப் பெயரிங் ஓடத் தொடங்குவதற்கு முன்பே பழுதாகிவிடும். இரண்டாவது பெயரிங்கை ஏற்றுவதற்கு முன் குழாயை உள்ளே போட்டுவிட்டோமா என்று ஒருமுறை நின்று பார்க்கவும். இதை மறந்து, ஏற்றிய பெயரிங்கைத் திரும்ப உடைத்து எடுத்தவர்கள் பட்டியலில் நானும் இருக்கிறேன்.

பூட்டுவதற்கு முன் அச்சையும் ரிம்மையும் சோதிக்க வேண்டும். அச்சைத் துடைத்து, மேசைக் கண்ணாடியின் மேல் உருட்டிவிட்டால் வளைவு இருந்தால் தெரிந்துவிடும். கண்ணாடிக்கும் அச்சுக்கும் இடையே வெளிச்சம் மாறி மாறி வந்து போகும். ஹொண்டாவின் பழைய கைநூல்களில் அச்சின் ஆட்டத்துக்கு 0.2 மி.மீ. என்றும், ரிம்மின் ஆட்டத்துக்கு 2 மி.மீ. என்றும் எல்லை போடப்பட்டிருப்பதைக் காணலாம். வளைந்த அச்சைச் சுத்தியலால் நிமிர்த்துவது வேண்டாம், புதிதாக வாங்குங்கள். ரிம்மைச் சோதிப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. சில்லைப் பூட்டிய நிலையில், ஒரு தென்னை ஈர்க்கைச் சொக்கில் இறப்பர் வளையத்தால் கட்டி, அதன் நுனி ரிம்மின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வைத்துவிட்டுச் சில்லை மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் ஈர்க்கு உரசி, எதிர்ப்புறத்தில் 3 மி.மீ. விலகி நின்றால் கம்பிகளைச் சரிசெய்ய வேண்டும். அது வேறொரு பாடம். பழகாதவர் கம்பிகளைத் தொட்டால் முட்டை வடிவச் சில்லுதான் மிஞ்சும், ஆகவே அந்த வேலையை அறிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சில்லைச் சொக்குகளுக்கு நடுவில் தூக்கி வைக்கும்போது பிரேக் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரேயொரு பந்தியைத்தான் வாசிப்பேன் என்று யாரும் சொன்னால், இதை வாசிக்கச் சொல்வேன். டிரம் பிரேக் உள்ள வண்டியில், பிரேக் சூக்களைத் தாங்கும் வட்டத் தட்டு சில்லோடு சேர்ந்து சுழலக் கூடாது. அதற்காகவே தட்டின் ஓரத்தில் ஒரு வெட்டுப்பள்ளமும், சொக்கின் உட்புறத்தில் அதற்குள் நுழையும் ஒரு முட்டும் இருக்கின்றன. பள்ளத்துக்குள் முட்டு அமராமலே அச்சைச் செருகி நட்டை இறுக்கிவிட முடியும், வண்டியும் ஓடும், பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே இருக்கும். முதன்முறை பலமாகப் பிரேக் பிடிக்கும்போது தட்டு சில்லோடு சேர்ந்து சுழன்று, கேபிளைச் சுற்றி இழுத்து, சில்லை அந்த இடத்திலேயே பூட்டிவிடும். ஓட்டுபவர் ஹாண்டிலுக்கு மேலால் போவார். ஆகவே இறுக்குவதற்கு முன் விரலை உள்ளே விட்டு, முட்டு பள்ளத்துக்குள் முழுவதும் அமர்ந்திருப்பதைத் தொட்டுப் பாருங்கள். பிறகு தட்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள், அது அசையக் கூடாது. சில பழைய வண்டிகளில் முட்டுக்குப் பதிலாகத் தட்டையும் சொக்கையும் இணைக்கும் ஓர் இரும்புத் தண்டு இருக்கும். அப்படியானால் அதன் இரண்டு முனைகளிலும் போல்ட்டும், நட் கழராமல் தடுக்கும் ஊசியும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

மீட்டர் பெட்டியிலும் இதைப் போன்ற ஓர் அமைப்பு உண்டு. பெட்டிக்குள் இருக்கும் இரண்டு சிறு காதுகள் ஹப்பிலுள்ள பள்ளங்களுக்குள் விழ வேண்டும். விழாமல் இறுக்கினால் காதுகள் நசுங்கி, மீட்டர் முள் அசையாது. அதோடு சில்லும் ஒரு பக்கம் தள்ளி நிற்கும். சில்லைச் சற்றுச் சுற்றிக்கொண்டே பெட்டியை அழுத்தினால் அது ‘டக்’கென்று உள்ளே விழுவது கைக்குத் தெரியும்.

இப்போது இறுக்கும் ஒழுங்கு. அச்சில் மெல்லிய படலமாகக் கிறீஸ் பூசிச் செருகி, நட்டைக் கையால் மட்டும் திருகி விடுங்கள். சில்லைச் சுற்றிவிட்டு முன் பிரேக்கைப் பிடித்து, பிடித்த கையை விடாமலே நட்டை ஓரளவு இறுக்க வேண்டும். சூக்கள் டிரம்மின் உட்சுவரில் சமமாகப் போய் அழுந்தும்போது தட்டு தானாகவே நடுவுக்கு வந்துவிடுகிறது. பிரேக்கை விட்டுவிட்டு இறுக்கினால் ஒரு சூ மட்டும் முதலில் தொட்டு, பிடி பாதியாகும். உதவிக்கு ஆள் இல்லாவிட்டால் பிரேக் பிடியை ரியூப் இறப்பரால் ஹாண்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டு வேலை செய்யலாம்.

இதற்கு அடுத்துச் செய்வதைத்தான் பெரும்பாலான கடைகளில் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஸ்டான்டிலிருந்து வண்டியை இறக்கி, அதன் பக்கத்தில் நின்று, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹாண்டிலைக் கீழே பலமாக ஐந்தாறு முறை அமுக்கி விடுங்கள். ஏன் என்று பார்ப்போம். பல வண்டிகளில் ஒரு பக்கச் சொக்கின் கீழ் முனையில், அச்சைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கும் ஒரு சிறு போல்ட் இருக்கும். நட்டை இறுக்கும்போது மற்றப் பக்கம் உறுதியாகிவிடுகிறது. இந்தக் கவ்வியுள்ள சொக்கோ அச்சின் மேல் சற்று இடம் வலமாக நகரக்கூடியதாக இன்னும் தளர்ந்து நிற்கிறது. அமுக்கும்போது சொக்குகளின் இரண்டு குழாய்களும் மேலும் கீழும் சறுக்கி, தமக்கிடையே எந்த இடைவெளியில் உராய்வு மிகக் குறைவோ அந்த இடைவெளிக்கு வந்து நிற்கின்றன. கவ்விக்கருகில் அச்சின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு அமுக்கிப் பாருங்கள். என் வண்டியில் கோட்டுக்கும் சொக்கின் விளிம்புக்கும் இடையே 1 மி.மீ. அளவு வெளி விட்டிருந்ததைக் கண்ட பிறகுதான் இதன் தேவையை நான் நம்பினேன். அமுக்கி முடிந்ததும் நட்டை இறுதியாக இறுக்கி, மறுபடி இரண்டு முறை அமுக்கிவிட்டு, கடைசியாகத்தான் கவ்விப் போல்ட்டை இறுக்க வேண்டும். ஒழுங்கைத் தலைகீழாக்கிக் கவ்வியை முதலில் இறுக்கினால் அந்தச் சொக் தன் இடத்துக்கு வராமலே மாட்டிக்கொள்கிறது. குழாய்கள் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கியோ விரித்தோ நிற்க, சொக் முட்டி முட்டி இறங்குவதும், எண்ணெய் சீல் ஒரு பக்கமாகத் தேய்ந்து எண்ணெய் கசிவதும் அதனால்தான். சீல் மாற்றியும் திரும்பத் திரும்ப எண்ணெய் கசிகிறதே என்று புலம்புபவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

கவ்விக்குப் பதிலாக, அடியிற் பிரித்தெடுக்கக்கூடிய அரைவட்ட மூடி இருக்கும் வண்டிகளும் உண்டு. அந்த மூடியில் அம்புக்குறியோ எழுத்தோ இருந்தால் அது எந்தப் பக்கம் நோக்க வேண்டும் என்பதைக் கைநூலின்படி வைக்கவும். முன்பக்க நட்டை முதலிலும் பின்பக்க நட்டைப் பிறகும் இறுக்குவதே வழமை. இறுக்கி முடிந்ததும் பின்பக்கத்தில் சிறு இடைவெளி தெரியும். அது இருக்க வேண்டிய இடைவெளிதான், அதை மூடுவதற்காக இன்னும் இறுக்கி மூடியை உடைத்துவிடாதீர்கள்.

எவ்வளவு இறுக்குவது என்றால், உங்கள் வண்டியின் கைநூலில் உள்ள அளவுதான் சரியான விடை. இந்த அளவிலான வண்டிகளின் முன் அச்சு நட்டுக்குப் பெரும்பாலும் 40 முதல் 65 நியூட்டன் மீற்றர் வரையில் சொல்லப்பட்டிருக்கும். ஸ்பனரில் நீளக் குழாய் மாட்டி இருவர் தொங்கி இறுக்குவது பலம் அல்ல. நட்டில் ஊசி போடும் துளை இருந்தால் பழைய ஊசியை நிமிர்த்தித் திரும்பப் போடாமல் புதியது வாங்கிப் போடுங்கள்.

ஹொண்டா சி 70 போன்ற சிறிய வண்டிகளில் சறுக்கும் குழாய்ச் சொக் இல்லை. ஃபோர்க்கின் அடியிலிருந்து முன்னோக்கி நீளும் இரண்டு சிறு கைகளில்தான் சில்லு நிற்கிறது. அவற்றில் பார்க்க வேண்டியது அந்தக் கைகள் அசையும் மூட்டுகளிலுள்ள புஷ்களை. புஷ் தேய்ந்து, ஒரு கை மற்றதை விட அதிகமாக ஆடினால், எவ்வளவு கவனமாகப் பூட்டினாலும் சில்லு சரிந்தே நிற்கும்.

இரண்டாவது விடயத்துக்கு, அதாவது சொக்குகளின் முறுக்குக்கு வருவோம். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை நாங்கள் மட்டக்களப்பு வாவியைப் பாதை என்று சொல்லப்படும் மிதவைப் படகில்தான் கடந்துகொண்டிருந்தோம். ஒரு நாள் பாதை கரையில் முட்டிய வேகத்தில், நிறுத்தியிருந்த என் வண்டி சரிந்து, இன்னொருவருடைய வண்டியின் மேல் ஹாண்டில் மோத விழுந்தது. கண்ணாடி உடைந்ததைத் தவிர வேறு சேதம் தெரியவில்லை. ஆனால் கொக்கட்டிச்சோலைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஹாண்டில் இடப்பக்கம் திரும்பி நிற்கும்போதுதான் வண்டி நேரே போகிறது என்பது புரிந்துவிட்டது. இப்படி மெதுவாக விழும் வண்டிகளில் இரும்பு வளைவது குறைவு. சொக்குகளைப் பிடித்திருக்கும் மேல் கவ்விக்கும் கீழ்க் கவ்விக்கும் இடையில் குழாய்கள் சற்றே வழுக்கி முறுகிக்கொள்வதே அதிகம்.

இதைப் பார்ப்பதற்கு ஹாண்டிலை அடையாளமாக வைக்க வேண்டாம், ஏனெனில் ஹாண்டிலே வளைந்திருக்கக்கூடும். நேரான இரண்டு அடிக்கோல்களை எடுத்து, ஒன்றை மேல் கவ்விக்குக் கீழாகவும் மற்றதைக் கீழ்க் கவ்விக்குக் கீழாகவும், இரண்டு குழாய்களின் முன்புறத்தையும் தொடும்படி குறுக்கே வைத்துப் பிடியுங்கள். முன்னால் சற்றுத் தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தால் இரண்டு கோல்களும் ஒன்றோடொன்று பொருந்திச் சமாந்தரமாகத் தெரிய வேண்டும். ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் சரிந்து தெரிந்தால் முறுக்கு இருக்கிறது. அச்சின் நட், கவ்விப் போல்ட், மட்காட் போல்ட்டுகள், கீழ்க் கவ்வியின் போல்ட்டுகள், மேல் கவ்வியின் போல்ட்டுகள் ஆகிய அனைத்தையும் அரைச் சுற்றளவு தளர்த்துங்கள். மட்காட்டை மறப்பவர்கள் அநேகர். அதன் இரும்புப் பட்டை இரண்டு சொக்குகளையும் இணைத்துப் பிடித்திருப்பதால், அதைத் தளர்த்தாமல் எதுவும் அசையாது. பிறகு முன்சில்லை இரு முழங்கால்களுக்கிடையே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஹாண்டிலை முறுக்கின் எதிர்த்திசைக்கு ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். கோல்கள் பொருந்தியதும் கீழ்க் கவ்வியை முதலிலும் மேல் கவ்வியை அடுத்தும் இறுக்கி, அச்சுக்கு வந்து மேலே சொன்ன அமுக்கும் வேலையை மறுபடி செய்து, மட்காட்டைக் கடைசியாகப் பூட்டவும். எவ்வளவு திருப்பினாலும் கோல்கள் பொருந்தாவிட்டால் குழாய் வளைந்திருக்கிறது. அதைக் கழற்றிக் கண்ணாடியில் உருட்டினால் உறுதியாகும்.

மூன்றாவது, இரண்டு சில்லுகளும் ஒரே கோட்டில் இருப்பது. இதற்கு மீன்வலைச் சாமான் கடையில் கிடைக்கும் தங்கூசி எனப்படும் நைலோன் நூலை விடச் சிறந்த கருவியை நான் காணவில்லை. இழுத்தால் தொய்யாது, காற்றில் ஆடாது. வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, தங்கூசியைப் பின் டயரின் பின்புறமாகச் சுற்றி, சைலன்சரும் ஸ்டான்டும் இடிக்காத உயரத்தில் இரண்டு பக்கமும் முன்னோக்கிக் கொண்டுவாருங்கள். முன்சில்லுக்கு அப்பால் இரண்டு கற்களிலோ கதிரைக் கால்களிலோ கட்டி, பின் டயரின் முன் விளிம்பைத் தங்கூசி தொட்டும் தொடாமலும் நிற்கும்படி இரு பக்கமும் சரிசெய்யுங்கள். இப்போது பின்சில்லின் கோடு முன்சில்லைக் கடந்து போகிறது. முன்சில்லை நேராகத் திருப்பி நிறுத்தினால் இரண்டு பக்கத் தங்கூசிக்கும் டயருக்கும் இடையிலுள்ள வெளி சமமாக இருக்க வேண்டும்.

முன்டயர் ஒடுக்கம் என்பதால் தங்கூசி அதைத் தொடாது. அதைக் கண்டு மிரள வேண்டாம். பின்னால் 3.00 அங்குல டயரும் முன்னால் 2.75 அங்குல டயரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்டயர் 76.2 மி.மீ., முன்டயர் 69.85 மி.மீ.; வித்தியாசம் 6.35 மி.மீ. அதைப் பாதியாக்கினால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 3 மி.மீ. வெளி தெரிய வேண்டும். டயரில் எழுதியிருக்கும் அளவும் உண்மை அகலமும் சிறிது வேறுபடும் என்பதால், கலிப்பரால் அளந்து கணக்கிடுவது மேல்.

வெளி சமமாக இல்லாவிட்டால், எப்படிச் சமமில்லை என்று பார்க்க வேண்டும். தங்கூசிகள் முன்சில்லை நோக்கி ஒரு பக்கமாகச் சரிந்து வந்தால் குறை முன்சில்லில் அன்று, பின்சில்லில்தான். செயின் இறுக்கும் திருகுகள் ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் இருக்கின்றன. அந்தத் திருகுகளுக்கு அருகே வெட்டியிருக்கும் அடையாளக் கோடுகளைப் பழைய வண்டிகளில் நான் நம்புவதில்லை. பின்சில்லைத் தாங்கும் பின்கை அசையும் மூட்டின் நடுவிலிருந்து பின் அச்சின் நடுவரை, இரண்டு பக்கமும் அளவுநாடாவால் அளந்து சமப்படுத்துங்கள். தங்கூசிகள் முன்சில்லுக்குச் சமாந்தரமாகவே போய், ஆனால் சில்லு முழுவதும் ஒரு பக்கம் 5 மி.மீ. தள்ளி நின்றால், கொலர்கள் பக்கம் மாறியிருக்கலாம். அல்லது சில்லுக்குக் கம்பி கட்டியவர் ரிம்மை ஹப்பின் நடுவில் நிறுத்தாமல் விட்டிருக்கலாம். கொலர் மாறியிருப்பதே அதிகம் நிகழ்வது. அதனால்தான் கழற்றும்போது படம் எடுக்கச் சொன்னேன்.

டயரையும் ஒரு கணம் பார்த்துவிடுங்கள். பக்கச் சுவரில் அம்புக்குறி இருந்தால் அது சில்லு முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். ரிம்முக்கு அருகே டயரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோடு, சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் அது ரிம்முக்குள் மறைந்திருந்தால் டயர் சரியாக அமரவில்லை. காற்றை இறக்கி, சவர்க்காரத் தண்ணீர் தடவி, மறுபடி அடிக்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன், ஸ்டான்டில் வைத்து முன்சில்லைக் கையால் சுற்றி, சத்தமும் உரசலும் இல்லாமல் சுற்றுகிறதா என்று கேளுங்கள். சில்லின் மேலும் கீழும் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். பிரேக்கைப் பிடித்து விடும்போது சில்லு உடனே விடுபடுகிறதா என்று பாருங்கள். முதல் ஓட்டத்துக்கு ஆளில்லாத நேரான வீதியொன்றைத் தேர்ந்தெடுங்கள். 1924 இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்துக்கு அருகே 2013 இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலம் நேராகத்தான் இருக்கிறது, ஆனால் அங்கே பஸ்ஸும் முச்சக்கர வண்டியும் போகும் நேரத்தில் சோதனை வேண்டாம். நடக்கும் வேகத்தில் முதலில் இரண்டு மூன்று முறை மெதுவாகப் பிரேக் பிடித்துப் பார்த்த பின்பே வேகத்தைக் கூட்டுங்கள். நேர் பார்ப்பதற்காக இரண்டு கைகளையும் ஹாண்டிலிலிருந்து எடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. கைகளைத் தளர்த்திப் பிடித்தாலே இழுவை தெரியும், விட வேண்டிய தேவையில்லை.

50 கிலோமீற்றர் ஓடிய பின் அச்சின் நட்டையும் கவ்விப் போல்ட்டையும் ஒருமுறை ஸ்பனர் வைத்துப் பார்க்கவும். இத்தனையும் செய்தும் வண்டி மெல்லிய வேகத்தில் பாம்பு போல் நெளிந்தால், சில்லை விட்டுவிட்டு ஹாண்டில் கழுத்துப் பெயரிங்குக்குப் போக வேண்டும். முன்சில்லு தரையிலிருந்து எழும்பும்படி வண்டியை நிறுத்தி, ஹாண்டிலை ஒரு விரலால் இடமிருந்து வலமாகத் தள்ளிப் பாருங்கள். நடுவில் வரும்போது ஒரு பள்ளத்தில் விழுந்தது போல் அது சிறிது நின்று போனால், பல வருடங்களாக அந்த ஒரே இடத்தில் குண்டுகள் அடித்து அடித்து வளையத்தில் குழி விழுந்திருக்கிறது. அதை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்ய முடியாது, வளையங்களையும் குண்டுகளையும் மாற்றத்தான் வேண்டும்.